கேட்காமல் வரைந்த கோடு

கூலிக்கு வரைகிறவன் நகல் எடுத்து அனுப்பியிருந்த கான்வாஸை ஜ்யோத்ஸ்னா பிரித்துப் பார்த்தாள். அதைச் சுவரோடு சாய்த்துவிட்டுக் குளிக்கப் போனாள். படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து அதன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் அவளுடைய அப்பா ராஜகோபாலன்.

மகள் கம்ப்யூட்டரில் செய்த படத்தின் பிரிண்ட் அவர் கையில் இருந்தது. அதையும் கான்வாஸையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிரிண்டில் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து காணாமல் போயின. கூலிக்காரனோ வயலுக்குப் பாத்தி கட்டுவதுபோல் நீலத்தை ஒரு பக்கமும் ஆரஞ்சை ஒரு பக்கமும் நிறுத்தியிருந்தான். இடது ஓரத்தில் இடம் பற்றாமல் போய், அரை அங்குலப் படத்தை அப்படியே விழுங்கியிருந்தான். அரூப ஓவியம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்கிற நினைப்பு ஒவ்வொரு தீற்றலிலும் தெரிந்தது.

ராஜகோபாலனுக்கு வயது எழுபத்திரண்டு. மத்திய அரசின் ஒரு துறையில் முப்பத்து நான்கு வருஷம் ஓவியராக இருந்தவர். புகைப்படத்தைப் பார்த்து மேலதிகாரிகளின் உருவத்தை எண்ணெய் வர்ணத்தில் எழுதுவது அவர் வேலை. ஓய்வு பெறும் ஒரு அதிகாரியின் மனைவி, கணவரின் கன்னத்து மருவை மட்டும் விட்டுவிடச் சொல்லி ஆள் அனுப்பினாள். புகைப்படத்தில் இருப்பதை எடுக்க எனக்கு அதிகாரமில்லை என்று இவர் பதில் எழுதினார். ஆறு மாதம் ரெக்கார்டு அறையில் உட்கார்த்தி வைத்தார்கள். மரு இன்றைக்கும் அந்த ஆபீஸின் நடைச்சுவரில் இருக்கிறது. நகல் என்று சொல்லிக்கொண்டு அசலில் கைவைப்பது அந்த வீட்டில் பொய் சொல்வதற்குச் சமம்.

ஜ்யோத்ஸ்னாவுக்கு முப்பத்தேழு. நாலு வருஷத்துக்கு முன்னால் பாங்க் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு, எண்களிலிருந்து படங்கள் உண்டாக்குகிற ப்ரோகிராம் எழுத ஆரம்பித்தவள். வீட்டுக்கு அரை மைலில் ஓடுகிற யமுனையின் தினசரி நீர்மட்டக் கணக்கை ஒரு மாதத்துக்கு மொத்தமாக எடுத்து அந்த ப்ரோகிராமுக்குக் கொடுப்பாள். அது நிறங்களைப் பரப்பி ஒரு படம் தரும். பிடிக்காவிட்டால் விதியை மாற்றித் திரும்ப ஓட்டுவாள். சில மாதங்களுக்கு ஐந்நூறு தடவை. அப்பா அதையெல்லாம் கதவோரமாக நின்று பார்த்திருக்கிறாரே தவிர, உள்ளே வந்து கேட்டதில்லை. உறவுக்காரர்கள் விசாரித்தால் பெண் கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறாள் என்பார். அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அதற்குமேல் ஒரு வார்த்தையும் வராது. ஆர்.கே.புரத்தில் இருக்கும் மைத்துனர் சுந்தரேஷ் ஒவ்வொரு தீபாவளிக்கும் துருவிப் பார்ப்பார். பேச்சு கடலை எண்ணெய் விலைக்குப் போய்விடும்.

ஜ்யோத்ஸ்னாவோடு கல்லூரியில் படித்த மேதா, ஹவுஸ் காஸ் பகுதியில் சின்னதாக ஒரு ஓவியக் கேலரி நடத்தினாள். திரையில் இருப்பதை ஜனங்கள் அரை நிமிஷம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், அதையே எண்ணெயில் எழுதி மாட்டினால் நின்று பார்ப்பார்கள் என்பது அவள் கட்சி. போன வருஷத்து ஒன்பது மாதக் கணக்கு, ஒன்பது படம், இந்த டிசம்பரில் கண்காட்சி என்று பேசி முடித்திருந்தார்கள். ஜ்யோத்ஸ்னா வேலையை விட்ட பிறகு நடக்கப்போகிற முதல் கண்காட்சி. கெட்டிக்கார நகல்காரன் என்று யாரோ சொன்ன ஆளுடைய லட்சணம்தான் இப்போது கூடத்தில் சாய்ந்திருந்தது.

அன்று சாப்பிடும்போது ராஜகோபாலன், ஒன்பதையும் தானே போடுவதாகச் சொன்னார். ஜ்யோத்ஸ்னா கையில் எடுத்த சாதத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். அவர் மனைவி அனந்தலக்ஷ்மிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஒம்பதா? பூஜை ரூம் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஏழு மாசம் டர்பன்டைன். சுவாமி வீட்டை விட்டுக் கிளம்பிடுவார்."

ஆனால் தடுக்கவில்லை. மயூர் விஹார் ஃப்ளாட்டின் பின்பக்கத்துப் பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடி வைத்திருந்தார்கள். அதிலிருந்த பழைய சூட்கேஸ்களை அவளே பரணுக்கு ஏற்றிக் கொடுத்தாள்.

வேலையில் இறங்குமுன் ராஜகோபாலன் தன் முறைகளை மகளிடம் சொன்னார். முடியும்வரை யாரும் பார்க்கக்கூடாது, படத்தின்மேல் துணி கிடக்கும். திரையைப் பார்த்து வரையமாட்டேன், அது உட்காரும் இடத்துக்கு ஒரு நிறம் காட்டுகிறது, கையில் தாள் வேண்டும். ஒவ்வொரு தாளின் அடியிலும் 'இதுவே அசல்' என்று எழுதி அவள் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். ஜ்யோத்ஸ்னா சிரித்தாள். பிரிண்ட் கடையிலிருந்து ஒன்பது தாள்களையும் சுருட்டி வாங்கி வந்து, சாப்பாட்டு மேஜையில் விரித்து, ஒருபக்கம் ஃபோனில் பேசிக்கொண்டே ஒன்பதிலும் கையெழுத்துப் போட்டாள். அவர் அவற்றை ஒரு ஃபைலில் போட்டு நாடா கட்டினார்.

வேலை அவர் நினைத்ததுபோல் இல்லை. முகம் என்றால் கண்ணிலிருந்து மூக்கு, மூக்கிலிருந்து உதடு என்று அளந்துகொண்டே போகலாம். இங்கே பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. தாளிலும் கான்வாஸிலும் பென்சிலால் கட்டம் போட்டு, கட்டங்களுக்கு எண் கொடுத்தார். அப்படியும் முதல் வாரம் நூற்றுப் பன்னிரண்டாவது கட்டத்தில் இருக்கிறோமா நூற்றுப் பதின்மூன்றிலா என்று தடுமாறினார். கம்ப்யூட்டர் ஒரு விரற்கடைக்குள் நாற்பது நீலங்களை வைத்திருந்தது. அவரிடம் இருந்தவை மூன்று ட்யூப். முதல் பூச்சு டர்பன்டைனில் மெல்லியதாக, அது காய்ந்ததும் ஆளிவிதை எண்ணெய் சேர்த்து அடுத்தது, அதற்கு மேல் இன்னும் எண்ணெய் கூட்டி ஒன்று. ஒரு படம் காயும்போது அடுத்ததைத் தொடங்கினார். மழைக்காலத்தில் எதுவும் காயாமல் பால்கனி முழுக்க ஈரப் படங்களாக நின்றன. அனந்தலக்ஷ்மி துணி உலர்த்தும் கொடியைக் கூடத்துக்குள் கட்டினாள்.

நாள் ஆக ஆக அவருக்கு ஒன்று தெரிந்தது. எங்கே நிறம் தடிக்கும், எங்கே மெலியும் என்பதைக் கை கொஞ்சம் முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்தது. மகளுடைய படத்துக்கு ஒரு குணம் இருந்தது. எதுவும் எதையும் வெட்டாது. ஒன்று வந்தால் மற்றது வழிவிடும், வளைந்து கொடுக்கும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட படத்தில்தான், ஆகஸ்ட் மாதத்துத் தாளில், அந்தக் கோடு இருந்தது. மயிரிழை அகலம். வெளுப்பு. இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை ஸ்கேல் வைத்தாற்போல் நேராகப் போயிற்று. ஊதா வட்டத்தையும் அறுத்தது, ஆரஞ்சையும் அறுத்தது. எதற்கும் வளையவில்லை. ஜூலையிலும் அக்டோபரிலும் அதே உயரத்தில் அதே கோடு.

பிரஷ் நின்றது. இது இந்தப் படத்தைச் சேர்ந்ததில்லை என்று கை சொல்லிற்று. ஃபோன் பக்கத்து ஸ்டூலில்தான் இருந்தது. ஜ்யோத்ஸ்னா பக்கத்து அறையில்தான் இருந்தாள். கூப்பிட்டு, இந்தக் கோடு என்னம்மா என்று கேட்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். அவர் கேட்கவில்லை. தாளில் இருக்கிறது, அடியில் கையெழுத்து இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மிக மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, வெள்ளையில் துளி சாம்பல் கலந்து, ஸ்கேலை இரண்டு கட்டைகள்மேல் உயர்த்தி வைத்து, மூன்று படத்துக்குமாகப் பதினோரு நாள் அந்தக் கோட்டை இழுத்தார். அவர் வாழ்நாளில் அத்தனை சுத்தமான கோடு போட்டதில்லை.

நவம்பர் கடைசியில் மேதா பார்க்க வந்தாள். ஜ்யோத்ஸ்னாவுக்கும் அன்றைக்குத்தான் முதல் பார்வை. ராஜகோபாலன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். ஏப்ரல், மே, ஜூன் பார்த்தபோது ஜ்யோத்ஸ்னா கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். திரையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த நிறம் இங்கே கனம் பெற்று முன்னால் வந்திருந்தது. ஜூலையின் துணி விலகியபோது அவள் கை இறங்கிவிட்டது. ஆகஸ்டின்போது அப்பாவை ஒரு தரம் பார்த்தாள்.

மேதா அதைக் கவனிக்கவில்லை. அவள் ஆகஸ்டுக்கு எதிரே போய் நின்றவள் நகரவேயில்லை. அங்கிள்ஜி, ஒன்பதிலும் இதுதான் உயிர் என்று ஹிந்தியில் சொன்னாள். ஆற்றின்மேல் பாலம் போகிறது, மெட்ரோ போகிறது, கம்ப்யூட்டருக்கு இந்தத் தைரியம் வருமா, இது கையின் வேலை, எங்கள் அழைப்பிதழில் இதைத்தான் போடப்போகிறேன் என்றாள். ராஜகோபாலன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் கையை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை.

மேதாவின் கார் கிளம்பிய சத்தம் கேட்டதும் ஜ்யோத்ஸ்னா கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து அவர் முன்னால் திறந்து வைத்தாள். ஆகஸ்ட். கோடு இல்லை. பெரிதாக்கினாள். இல்லை. இன்னும் பெரிதாக்கினாள்.

"பிரிண்டர்ல எங்கயோ அடைச்சிண்டிருக்கும்பா. மத்லப், அதாவது, அந்த எடத்துல இங்க் விழலை. அவ்வளவுதான்."

ராஜகோபாலன் எழுந்துபோய் ஃபைலை எடுத்துவந்து நாடாவை அவிழ்த்தார். ஆகஸ்ட் தாளை மேஜையில் வைத்து அடியில் விரலை ஊன்றினார்.

"இது யார் கையெழுத்து?"

அவள் பார்த்தாள்.

"நீ பாத்து, சரின்னு போட்டுக் குடுத்த தாள். இதுல இருக்கறதை நான் போட்டேன். என் பக்கம் ஃபைல் சுத்தமா இருக்கு."

"ஆமாம்பா," என்றாள் ஜ்யோத்ஸ்னா. "சுத்தமா இருக்கு."

கம்ப்யூட்டரை மூடி எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அனந்தலக்ஷ்மி தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"கேஸ் ஜெயிச்சாச்சா, ஏன்னா?"

அவர் ஃபைலுக்குத் திரும்ப நாடா கட்டினார். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நியாயப்படி மனது ஆறியிருக்க வேண்டும். ஆனால் ஃபைலில் ஏறாத ஒரு விஷயம் அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. பிரஷ் நின்றதும், ஃபோன் பக்கத்திலேயே இருந்ததும் எந்தத் தாளிலும் இல்லை. தவறு என்று தெரியாமல் செய்தவனை யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். அவர் அந்த ஜாதியில் சேரவில்லை. சேர்ந்ததுபோல் மகளுக்கு முன்னால் விரலை ஊன்றிக் காட்டியிருந்தார்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சு உப்பு புளி அளவில் நடந்தது. மூன்றாம் நாள் காலை ஜ்யோத்ஸ்னா இரண்டு தம்ளர் காப்பியோடு பால்கனிக்கு வந்தாள். ஒரு வழி இருப்பதாகச் சொன்னாள். ப்ரோகிராமில் மூன்று வரி சேர்த்தால் அந்தக் கோடு அசலிலேயே வந்துவிடும். அப்புறம் கான்வாஸில் இருப்பது தவறென்று யாராலும் சொல்ல முடியாது. மேதாவுக்கும் சந்தோஷம்.

ராஜகோபாலன் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அதுக்குப் பேர் என்ன தெரியுமா? நடந்து முடிஞ்சதுக்கு முன்தேதி போட்டு ஆர்டர் போடறது. என் சர்வீஸ்ல அதைப் பண்ணினவாளை நான் பாத்திருக்கேன். பக்கத்துல உக்காந்து சாப்பிட்டதில்லை."

"உங்க பேர் கெடக்கூடாதுன்னுதான் சொன்னேன்."

அவருக்கு அது எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. வெளியே புகைமூட்டத்தில் எதிர் ப்ளாக்கின் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியவில்லை. அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, கோர்ட்டில் சாட்சி சொல்கிறவரைப்போல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். போடும்போதே சந்தேகம் வந்தது. இது உன் படத்தில் வருகிற கோடு இல்லை என்று கை சொல்லிற்று. கேட்கவில்லை.

"ஏன்பா?"

"கேட்டா, உன் படம் எனக்குப் புரியலைன்னு ஆயிடும்."

ஜ்யோத்ஸ்னா காப்பியை ஆற்றிக்கொண்டே யோசித்தாள். "எனக்கே பாதிதான் புரியறது," என்றாள். பிறகு, "ஆனா இது என் படத்துக்கோடு இல்லைன்னு தெரிஞ்சுதுன்னு சொல்றேளே. வேற யாருக்கும் தெரியலையேப்பா அது. மேதாவுக்கே தெரியலை."

 அவர் எழுந்து மூன்று படங்களையும் வெளிச்சத்துக்குத் திருப்பி வரிசையாக வைத்தார்.

"உன் படம். என்ன பண்ணணும்னு நீ சொல்லு. சொன்னபடி செய்யறேன்."

அவர் அப்படி ஒரு வாக்கியத்தை யாரிடமும் சொன்னதாக அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை.  அவள் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். அனந்தலக்ஷ்மி இரண்டு தடவை டிபனுக்குக் கூப்பிட்டுவிட்டுப் போனாள். கடைசியில், ஜூலையிலும் அக்டோபரிலும் கோட்டை எடுத்துவிடுங்கள் என்றாள். ஆகஸ்டில் இருக்கட்டும்.

மேதா புகழ்ந்ததற்காகவா என்று கேட்டார்.

இல்லை என்றாள். ஆகஸ்ட் கணக்கில் இரண்டு நாள் காலியாக இருந்ததாம். அந்த இரண்டு நாளும் ஆற்றின் அளவை யாரும் குறிக்கவில்லை. அவளுடைய ப்ரோகிராம் முன்நாளையும் பின்நாளையும் பார்த்து, நடுவில் ஒன்றும் நடக்காததுபோல் மெழுகிவிட்டது. அவளும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள். யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான்.

"எனக்குத் தெரியாத எடம் ஒண்ணு அந்தப் படத்துல இருக்குப்பா. அதை நான் மறைச்சுட்டேன். அதுக்கு ஒரு அடையாளம் வேணும். இந்தக் கோடு இருக்கற எடம்கூட அது இல்லை, பரவாயில்லை. ப்ரோகிராமை நான் தொடமாட்டேன். கோடு எப்படி வந்ததுன்னு பக்கத்துல எழுதி வெச்சுடலாம். உங்களுக்கு ஓகேவா?"

ஓகே என்று சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது. தன் பிழை ஒன்று சட்டம் போட்டுச் சுவரில் தொங்கப்போகிறது, அதன் பக்கத்தில் விவரமும் இருக்கும், ஊரே வந்து படிக்கும். பிழையை அழித்து மூடுவது எவ்வளவோ சுலபம். ஆனால் சொன்னபடி செய்கிறேன் என்று சொல்லியாகிவிட்டது. எழுதுவதை நானே எழுதுகிறேன் என்றார்.

ஜூலையிலும் அக்டோபரிலும் கோட்டை பிளேடால் சுரண்டி, இருபக்கத்து நிறத்தையும் அங்குலம் அங்குலமாகக் கலந்து மூட இருபது நாள் ஆயிற்று. ஜ்யோத்ஸ்னா பக்கத்திலேயே திரையை வைத்துக்கொண்டு, இங்கே கொஞ்சம் பச்சை போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் திரையைப் பார்த்துப் போட்டார். ஹீட்டரை எட்ட வைத்துக் காயவைத்தார்கள்.

கார்டு எழுத ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று. ஆபீஸ் இங்கிலீஷில் மூன்று தடவை எழுதி அடித்தார். நாலாவதில் திருப்தி ஆனது. இந்தக் கோடு அசலில் இல்லை. அச்சடித்தபோது மை விழாத இடம். இது படத்தைச் சேர்ந்ததில்லை என்று சந்தேகம் வந்தும் கேட்காமல் வரைந்தவர் ராஜகோபாலன். இருக்கட்டும் என்று முடிவு செய்தவர், படத்தை ஆக்கிய ஜ்யோத்ஸ்னா ராஜகோபாலன். படித்துப் பார்த்த அனந்தலக்ஷ்மி, கீழே விருந்தினரை வரவேற்பவர்கள் பெயரையும் போட்டால் கல்யாணப் பத்திரிகை ஆகிவிடும் என்றாள். மேதாவுக்கு அது பிடிக்கவே இல்லை. மர்மம் போய்விடுகிறது, 'கையின் தலையீடு' என்று சுருக்கமாகப் போடலாமே என்று கெஞ்சினாள். ராஜகோபாலன் ஒரு எழுத்தை எடுக்கவும் சம்மதிக்கவில்லை. எடுப்பதானால் படத்தையும் வண்டியில் ஏற்றிவிடுங்கள் என்றார்.

திறப்பு அன்று சாயங்காலம் கேலரியில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். அதில் சுந்தரேஷும் இருந்தார். கணவரைக் கேட்காமல் அனந்தலக்ஷ்மிதான் தம்பியைக் கூப்பிட்டிருந்தாள். மஃப்ளரும் கோட்டுமாக ஒவ்வொரு படமாக நகர்ந்து வந்தவர், ஆகஸ்டில் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கார்டுக்குள் மூக்கை நுழைத்துப் படித்தார். திரும்ப ஒரு தரம் படித்தார். ராஜகோபாலன் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். நகர்ந்து போயிருக்கலாம். போகவில்லை.

"அத்திம்பேர், இதை எதுக்கு எழுதி மாட்டினேள்? எழுதலைன்னா ஒருத்தருக்கும் தெரியாதே."

"தெரியாது," என்றார் ராஜகோபாலன்.

"டைரக்டர் லெவல்ல இருக்கறவாள்லாம் வந்திருக்கா. எல்லாரும் படிக்கறா."

"படிக்கட்டும். நான் பண்ணினதுதானே எழுதியிருக்கு."

சுந்தரேஷ் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "இதெல்லாம் உங்க படம்னுதானே நெனச்சேன். அக்கா ஃபோன்ல அத்திம்பேர் எக்ஸிபிஷன்னுதான் சொன்னா."

"என் படம் இல்லை. ஜ்யோத்ஸ்னாவோட படம். யமுனைத் தண்ணி கணக்கை வெச்சு அவ பண்ணறா. சில மாசத்துக்கு ஐந்நூறு தடவை பண்ணிப் பாத்து, ஒண்ணே ஒண்ணை வெச்சிண்டு மத்ததைத் தள்ளிடுவா. நாலு வருஷமா இதுதான் அவ வேலை. நான் எண்ணெய்ல நகல் எடுத்தேன், அவ்வளவுதான்."

சொல்லி முடித்ததும்தான் அவருக்கே தெரிந்தது, அதை உரக்கச் சொல்லிவிட்டோம் என்று. பக்கத்தில் இருந்த ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சுந்தரேஷ் மஃப்ளரைத் தளர்த்திக்கொண்டு படத்தை மறுபடியும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவர் முகத்தில் கேலி இல்லை. ஒரு ஃபைலில் புரியாத பக்கம் வந்தால் அண்டர் செக்ரட்டரியாக இருந்தவர் காட்டுகிற எச்சரிக்கை இருந்தது.

"ஜ்யோத்ஸ்னா, இங்க வா," என்று கூப்பிட்டார். "இந்த ஊதா இருக்கே, இது எந்தத் தேதித் தண்ணி? சொல்லு பாப்போம்."

அவள் வந்தாள். பாதி ஹிந்தியும் பாதித் தமிழுமாக, மாமாவுக்குப் புரிகிற வேகத்தில் சொல்ல ஆரம்பித்தாள். ராஜகோபாலன் அவர்களுக்கு நடுவிலிருந்து விலகி, படத்தின் வலப்பக்கம், கார்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.